மண்டோரம்மாவை ஏற்ற வந்த லோரி

மாட்டை விற்றே தீருவது என்று போன ஆனி மாதம் முடிவெடுத்தேன். அப்போது மணி காலை ஐந்து. பால் கறக்கக் குந்தியிருந்தேன். மாடு தன் வாலால் என் கன்னத்தில் ஒன்று வைத்தது.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நாற்பது வருடம் உழைத்தவன் நான். அறுபது வயதில் ஆலை எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. மாடு கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் மண்டோரம்மா. தோட்டத்து மண்டோர் மாதிரி, விடியுமுன்னே சத்தம் போட்டு ஆளை எழுப்பி வேலை வாங்கும். எந்நேரமும் அதன் பின்னால் தலையாட்டிக்கொண்டு திரியும் கன்றுக்கு, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, கிராணி என்று பெயர்.

எதற்கும் பால்மாறுகிற ஆள் என்று என் மனைவி லோகேஸ்வரி என்னைச் சொல்வாள். பால் விஷயத்தில் அது உண்மை.

கன்று போட்டு இரண்டு மாதம், பால் கொட்டுகிறது, இப்போது கன்றோடு விற்றால்தான் நல்ல விலை என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. கன்று புல் கடிக்கட்டும் என்றாள். கடித்தது. ஆடியில் விற்கக் கூடாது என்றாள். ஆவணியில் தங்கை வீட்டுக் கல்யாணம், பால் வேண்டும் என்றாள். பிறகு தீபாவளிக்குப் பால்கோவா. இன்னும் கொஞ்ச நாள் போனால் மாடு வற்றிவிடும்.

"அப்ப எப்பத்தான் விக்கிறது?"

"வாங்க வர்றவருக்கு அவசரம் வரணும். இப்ப உங்களுக்கில்ல வந்திருக்கு."

அதனால் ரகசியமாக இறங்கினேன். சுங்கை சோ ஊரில் சேது என்று ஒருவர். வீட்டில் ஒரு மாடு இருந்தும் இன்னொன்றுக்கு ஏங்குகிறவர். சனிக்கிழமை காலை லோகேஸ்வரி கோலசிலாங்கூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். மாடு போய்விட்டால் இரண்டு நாள் அழுவாள், மூன்றாம் நாள் நானும் அவளும் ஏழு மணி வரை தூங்குவோம். இதுதான் திட்டம்.

லோரி வந்தது. மண்டோரம்மா அதை ஒரு பார்வை பார்த்தது. படுத்துவிட்டது. இழுத்தோம், தள்ளினோம், வாழைப்பழம் காட்டினோம். பழத்தைத் தின்றுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. வியர்த்து ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால் லோகேஸ்வரி நிற்கிறாள். பக்கத்து வீட்டில் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சத்தம் போடவில்லை. சேதுவுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். வீட்டில் பால் கறப்பது யார் என்று விசாரித்தாள். தன் சம்சாரம் சின்னத்தாய்தான் என்றார். இன்னொரு மாடு வரப்போவது அவருக்குத் தெரியுமா என்றாள். சேது கோப்பைக்குள் பார்த்தார்.

"இன்னும் சொல்லல லா, தங்கச்சி. கொண்டுபோய் நிறுத்திட்டுச் சொல்லிக்கலாம்னு."

"அண்ணி நம்பர் குடுங்கண்ணே."

கொடுத்துவிட்டார். அந்தக் குரலில் கேட்டால் நானும் கொடுத்திருப்பேன்.

குசினி அடுப்படிக்குப் போய்ச் சின்னத்தாயோடு முக்கால் மணி நேரம் பேசினாள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பயல்கள் மாதிரி நாங்கள் இருவரும் கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தனுக்கு ஆப்பு என்று புரிந்தது. அது மற்றவனாக இருக்கட்டும் என்று இருவருமே வேண்டிக்கொண்டோம்.

இருவருக்கும்தான்.

சின்னத்தாய்க்கு இடுப்புவலியாம். இருக்கிற மாட்டையே எப்போது தள்ளிவிடலாம் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தாராம். அதையும் அதன் கன்றையும் லோகேஸ்வரி தானே வாங்கிக்கொள்வதாக நல்ல விலைக்குப் பேசி முடித்துவிட்டாள். காலியாகத் திரும்பிய லோரி நான்கு மணிக்கு நிறைந்து வந்தது. எங்கள் இருவருக்கும் அசையாத மண்டோரம்மா எழுந்து, ஒதுங்கி இடம் விட்டது. சேது தன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன், வேறு காரணத்துக்காக.

இவற்றை எப்போது விற்கலாம் என்று லோகேஸ்வரியிடம் மெதுவாகக் கேட்டேன். ரெண்டும் அடுத்த கன்று போடட்டும் என்றாள்.

ஞாயிறுதோறும் சேது தன் மாட்டைப் பார்க்க வந்துவிடுகிறார். போன வாரம் வாளியை அவர் கையில் நீட்டினேன். பின்னால் நகர்ந்துகொண்டார்.

"பாக்க மட்டும்தாண்ணே சம்சாரம் அனுப்பியிருக்கா."

நான் கறந்தேன். அவர் பார்த்தார்.