மேம்பாலம் ஏறாத கல்யாணக் கார்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடுக்கவே கூடாது. (யாரும் கொடுக்கவில்லை, நானாகக் கேட்டு வாங்கினேன். அது வேறு விஷயம்.)

நான் கட்டிக்கொள்ளப்போகிற ஷீபாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தன்னுடைய பழைய அமெரிக்கக் கார் என்றால் அவள் அப்பாவுக்கு உயிர். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் கல்யாணத்தன்று அதில்தான் சர்ச்சில் போய் இறங்குவார்கள். நானோ கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் தட்டுகிற நாகர்கோவில்காரன். நாலு வீடியோ பார்த்த தைரியத்தில், "பெட்ரோல ரொம்பக் குடிக்கி மாமா, நான் பாக்கேன்" என்று கார்புரேட்டரைக் கழற்றினேன். மாமா, "நக்கோ மாப்பிள்ளை, வேணாம்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கேட்டால்தானே?

உள்ளே பவர் வால்வு என்று ஒன்று இருந்தது. வண்டி நிதானமாக ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சும் வேகம் அதை மூடியே வைத்திருக்கும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அந்த வேகம் குறையும். உடனே ஸ்பிரிங் வால்வைத் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். எப்போதாவது வேலை பார்க்கிறவனுக்கு ஆபீசில் எதற்கு ஒரு நாற்காலி என்று என் ஐ.டி. மூளை யோசித்தது. வால்வைக் கழற்றி, ஓட்டையை அடைத்துவிட்டேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போனது. மாமாவே தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் கோட்டு சூட்டோடு சர்ச்சில் ஆல்டர் முன்னால் நிற்கிறேன், பெண்ணைக் காணோம். எங்களுக்கு அடுத்து இன்னொரு கல்யாணம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் அவர்களுக்கு இடம் விடவேண்டியதுதான் என்று போதகர் கையை விரித்தார். பெண் ஓடிப்போய்விட்டாள் என்று என் பெரியம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போது போன் அடித்தது.

"மேம்பாலம் ஏற மாட்டேங்குது. இருமி இருமி நிக்குது," என்றாள் ஷீபா. "உள்ள ஏழு பேர் இருக்கோம். அதுல என்ன பண்ணி வச்சீங்க?"

வால்வு இல்லாமல் கூடுதல் பெட்ரோலுக்கு எங்கே போவது? சோக் ஞாபகம் வந்தது. அதை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். பாதி சோக்கை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். சித்தப்பாக்களை இறக்கிவிடச் சொன்னேன். இறங்கியவர்களைத் தள்ளவும் சொன்னேன். (சொன்னது நான்தான் என்று அவர்களிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன்.)

கார் கரும்புகை கக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. பாலத்து உச்சி வரை தள்ளிய சித்தப்பாக்கள் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. ஷீபாவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முறைத்தாள்.

இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர்கள் உண்டா என்று போதகர் கேட்டார். மாமா எழுந்து நின்றார்.

"தடையெல்லாம் இல்லங்கையா. கார் பானெட்டைத் தொடமாட்டேன்னு ஒரு வார்த்தை வாக்குறுதில சேத்துக்குங்க."

போதகர் சிரிக்காமல் அதையும் கேட்டார். நானும் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், தடை உண்டா என்று போதகர் கேட்டதும், மொத்தப் பேரும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.