வேலை கிடைத்தவர் போன் எடுப்பதில்லை

நெலிதா வில்காவுக்கு நான் எங்கள் பெரு நாட்டுக் காசில் இருநூற்று நாற்பது சோல் பாக்கி வைத்திருந்தேன். பதினோரு மாதம். அதைக் கடன் என்று நானாக ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள வைத்தவர், கேட்டால் சிரிப்பீர்கள், மதிப்பீட்டாளர் என்கிற இனத்தைச் சேர்ந்த ஒருவர். அந்த இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இல்லாதவர்களுக்கு மூன்று மாதம் கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறதோ, அங்கே இவர் முளைப்பார். பயிற்சி நடக்கும்போது தலைகாட்ட மாட்டார். எல்லாம் முடிந்து, படித்தவர்கள் லிமாவின் குன்றுகளெங்கும் சிதறிப்போய், வாத்தியாரே அவர்கள் பெயரை மறந்துபோன பிறகு, "பலன் என்ன?" என்று கேட்டுக்கொண்டு வருவார். தலையில் கட்டட வேலைக்கான வெள்ளைத் தொப்பி. தொப்பியில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு. கையில் டேப்லெட். எங்கள் மேட்டில் நிழல் விழும் இடம் ஒன்றே ஒன்று என்றால் அதில் நிற்பவர் அவர்தான். வாயைத் திறந்தால் "நீண்டகாலத் தாக்கம்". எதைக் கேட்டாலும் "ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்". பசிக்கிறதா என்று மனைவி கேட்டால் மூன்று என்பார் போலிருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். ஆனால் மேஸ்திரியாக நூற்றுப் பதினான்கு கான்கிரீட் தளம் போட்டிருக்கிறேன், ஒன்றிலும் விரிசல் கிடையாது. மண்வெட்டியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தே, ஆள் மதியம் வரை தாங்குவானா என்று சொல்லிவிடுவேன். அவர் டேப்லெட்டில் இருக்கிற இருபத்தாறு கேள்வி எனக்குத் தேவையில்லை. இந்தப் பெருமையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னை மடக்க உதவும்.

எங்கள் மேட்டுக் கூடத்துக்கு வாய்த்தவர் பெயர் ஃபப்ரிசியோ ஒலாயெச்சேயா. படித்துப் போன இருபது பேருக்கும் அவர் போன் செய்தார். எப்போது? வார நாளில், காலை பத்து மணிக்கு. அந்நேரம் வேலையில் இருப்பவன் கை கலவையில் இருக்கும். போன் சட்டையில் இருக்கும். சட்டை ஆணியில் தொங்கும். ஆறு பேர் எடுத்தார்கள். ஆறு பேரும் வீட்டில் மல்லாந்து கிடந்தவர்கள். வேலை இருக்கிறதா? இல்லை. மிச்சம் பதினான்கு பேர் "தொடர்புக்கு வராதவர்கள்". ஆக, விசாரிக்கப்பட்டவர்களில் வேலை கிடைத்தோர் பூஜ்யம் சதவீதம். கூடத்தை மூடிவிடலாம். எவ்வளவு சுத்தமான கணக்கு.

நெலிதா என்னிடம் கம்பி கட்டுகிறவள், அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. அந்தக் கூடத்திலேயே பிளான் படிக்கக் கற்றுத்தரும் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பிளான் படிக்கத் தெரிந்தால் கம்பி வேலைக்குத் தலைமை ஆளாகலாம், கூலி இரட்டிப்பு. கூடம் போனால் அந்த வகுப்பும் போச்சு. விஷயம் காதுக்கு வந்ததும், மதியச் சாப்பாட்டு வேளையில் அவளே அவருக்குப் போன் போட்டாள்.

"நீங்க கூப்பிட்டப்போ நான் வேலையில இருந்தேன் சார், அதான் எடுக்கல. நம்பலைன்னா சனிக்கிழமை தளம் போடுறோம். வந்து கண்ணால பாத்துட்டுப் போங்க."

வந்துவிட்டார். தளம் போடும் நாள் என்றால் வீட்டுக்காரரின் சொந்தம் முழுக்கத் திரண்டிருக்கும். ஒரு மூலையில் அண்டா நிறைய கோழிச் சோறு வேகும். மிக்ஸர் ஓடத் தொடங்கினால் கடைசி டின் வரை நிற்கக் கூடாது. நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது, அடுத்த நிலநடுக்கத்தில் வீடு அந்தக் கோட்டிலேயே பிளக்கும். அந்த நேரம் பார்த்து இவர் கீழே நின்று கூப்பிடுகிறார்.

"ஒரு இருபது நிமிஷம் இறங்கி வாங்கம்மா."

"இறங்க முடியாது சார்," என்றாள் நெலிதா, தோளில் கலவை டின்னுடன். "ஏறிக்கிட்டே சொல்றேன், கூட வாங்க."

மேலே போகும் சாய்வுப் பலகையில் அவரும் ஏறினார். "உங்க தன்னம்பிக்கைய ஒன்னுலேருந்து அஞ்சுக்குள்ள..."

"வழி விடுங்க இன்ஜினியரே, பின்னாடி ஆளு நிக்குது," என்றான் என் ஆட்களில் ஒருவனான வில்மர். எங்களுக்கு வெள்ளைத் தொப்பி போட்டவர் எல்லோரும் இன்ஜினியர்தான். மூன்றாவது நடையில் அவனே, "சும்மா ஏறுறதுக்கு இதையும் கொண்டுட்டுப் போங்களேன்," என்று அவர் தோளில் ஒரு டின்னை ஏற்றிவிட்டான். மனுஷன் இறக்கி வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினோரு டின் சுமந்தார். தொடர்புக்கு வராத பதினான்கு பேரில் ஐந்து பேர் அதே பலகையில் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவர் பெயரையும் மூச்சு வாங்கக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தளம் முடிந்து, தட்டு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"இருபத்தஞ்சாவது கேள்வி உங்களுக்கு மேஸ்திரி. மத்த ஆளுங்களுக்குத் தர்ற கூலியத்தான் இவங்களுக்கும் தர்றீங்களா?"

"முழுக்கூலி. எம்பது சோல். எங்கிட்ட கூடக்குறைய தர்ற பேச்சே கிடையாது."

"முதல் நாள்லேருந்தா?"

நான் கோழியைக் கவனித்தேன். நெலிதா கவனிக்கவில்லை. "முதல் ஆறு நாள் அரைக்கூலி சார். சோதனைன்னு சொன்னார்."

"எல்லாருக்கும் சோதனை உண்டா?"

"எனக்கெல்லாம் இல்லப்பா," என்றான் வில்மர். "முதல் நாளே சுத்தியலால என் விரல நானே நசுக்கிக்கிட்டேன். அப்பவும் முழுக்கூலிதான் குடுத்தார்."

நடந்தது இதுதான். அவள் முதல்நாள் சான்றிதழோடு வந்து நின்றாள். நான் சான்றிதழைப் பார்க்கவில்லை. நகத்தில் இருந்த சிவப்புச் சாயத்தைப் பார்த்தேன். "மதியத்துக்குள்ள ஓடிடுவா" என்றேன். ஓடவில்லை. ஆறு நாளும் நான் காத்திருந்தேன், ஓடவே இல்லை. கேள்வித்தாள் இல்லாமல், ஒரே பார்வையில் நான் செய்த மதிப்பீடு அது.

"அப்போ நான் இப்படித்தான் எழுதணும்," என்றார் ஒலாயெச்சேயா. "பயிற்சி முடிச்சவங்களுக்குப் பாதிக்கூலி. பயிற்சிக்கு வெளியில மதிப்பில்ல. இந்த ஒரு வரி போதும், கூடத்த மூடிடுவாங்க."

"அது பயிற்சியோட தப்பில்லையே," என்றேன்.

"பின்ன யாரோடதுன்னு எழுதட்டும்?" டேப்லெட்டில் காய்ந்த கலவையை நகத்தால் சுரண்டினார். "'தாமதமாகத் தரப்பட்ட முழுக்கூலி'ன்னு ஒரு கட்டமும் இருக்கு மேஸ்திரி. இதுவரைக்கும் யாரும் அதுல டிக் வாங்கினதில்ல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. வாசலில் வேலை கேட்டு நின்றவரின் செருப்பைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைத்தது யார்? போன வாரம் "பார்த்தாலே தெரிகிறதே" என்று யாரைப் பற்றிச் சொன்னீர்கள்? எதற்கும் தலையைத் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தொப்பி ஒன்று இருக்கும், விலைச்சீட்டுகூட உரிக்காமல்.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்பையிலிருந்து பணத்தை எடுத்தேன். கலவை காய்ந்து வெளுத்திருந்த உள்ளங்கையை நெலிதா விரித்தாள். சத்தமில்லாமல் வைத்துவிடப் பார்த்தேன்.

"உரக்க எண்ணுங்க மேஸ்திரி," என்றாள். "சார் குறிச்சுக்கணும்."

மறுபடி முதலிலிருந்து, மிக்ஸர்காரனுக்கும் கேட்கும்படி எண்ணி வைத்தேன்: நூறு. இருநூறு. இருநூற்று இருபது. இருநூற்று நாற்பது.