நடுவரும் பாய் கடைப் பரோட்டாவும்

எந்தச் சண்டைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று வாயளவில் சொல்கிறவர்கள் ஏராளம். அதற்காக ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திய மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். கோரிப்பாளையத்திலிருந்து சமயநல்லூர் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊர் அவரை 'நடுவர்' என்றுதான் கூப்பிட்டது.

எழுபதுகளின் கடைசி. சமயநல்லூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். தினமும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். அது என் தலையெழுத்து.

மதுரை வட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் நடந்தாலும் அந்த ஆள் முன்வரிசையில் இருப்பார். மேடையில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு அணியையும் பேசவிட்டு, மணி அடித்து, தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. கண்டக்டரை எவன் மேடைக்குக் கூப்பிடுவான்? அதனால் பஸ்ஸையே மேடையாக்கிக்கொண்டார். மணிக்குப் பதில் விசில்.

ஒருநாள் ஒருவர் வெளியிலிருந்தே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடித்தார். அவர் சுற்றி வந்து ஏறுவதற்குள் இன்னொருவர் துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சண்டை வந்தது. நீண்ட விசில். பஸ் நின்றது.

"தலைப்பு என்னன்னா, சீட்டுக்கு உரிமை துண்டுக்கா, உடம்புக்கா? துண்டு அணி மொதல்ல பேசட்டும். ஆளுக்கு ரெண்டு நிமிசம்."

"யோவ், எனக்குக் கோர்ட்டுல வாய்தாய்யா!" என்றார் துண்டுக்காரர்.

"அத இங்க பேசக்கூடாதுண்ணே. தலைப்ப விட்டு வெளிய போறீக."

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அவருக்குப் பழக்கம். கடைசியில் துண்டுக்குத்தான் சீட்டு என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் துண்டுக்காரர் இறங்கி, ஓடிப்போய் முன்னால் போன லாரியில் ஏறியிருந்தார். காலிச் சீட்டில் துண்டு மட்டும் கடைசி ஸ்டாப் வரைக்கும் பயணம் செய்தது. யாரையும் அதில் உட்கார விடவில்லை மனிதர்.

இன்னொரு நாள் ஓர் அம்மா, அரும்பு மீசை வைத்த மகனுக்கு அரை டிக்கெட் கேட்டார். மீசை ஓர் அணி, அம்மா ஓர் அணி. சமயநல்லூர் தாண்டியும் வாதம் முடியவில்லை. "அம்மா கண்ணுக்கு மகன் எம்புட்டு வளந்தாலும் அரை டிக்கெட்டுதான், கண்டக்டர் கண்ணுக்கு முழு டிக்கெட்டுதான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. முழு டிக்கெட்ட எடு தாயி" என்று தீர்த்தார். இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் வந்த வழியே நடந்தோம். நானும் நடந்தேன். அவர் பரம்பரையையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

ஒரு குணம் மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு அவர் எதையும் முடித்ததில்லை. ஒரு பக்கம் ஆள் இல்லையென்றால் டிரைவரையாவது எழுப்பிப் பேசவைப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் பரோட்டாக் கடை வைத்திருந்தவர் கோரிப்பாளையத்துக்காரர். எல்லாருக்கும் அவர் 'பாய்'. ஒரு சாயங்காலம் அங்கே தின்ற பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக விழுந்தோம். ஆமாம், நானும்தான். வேர்வை ஊற்றியது. வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. கண் மங்கியது. தொடைச் சதை தன் இஷ்டத்துக்குத் துடித்தது. நடுவர் பஸ்ஸில் இருந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு விட்டார். வழியில் ஒரு விசில்கூட இல்லை. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து. நரம்பைத்தான் தாக்கும்" என்றார். ஊசி மேல் ஊசி போட்டார்கள். எல்லாரும் பிழைத்தோம்.

மாவில்தான் மருந்து கலந்திருந்தது என்று போலீஸ் சொல்லிவிட்டது. எப்படிக் கலந்தது? ஊரே அதைத்தான் பேசியது. எலிக்கு வாங்கிய மருந்தை மாவுப் பக்கத்தில் வைத்திருப்பார் என்றது ஒரு கூட்டம். வேண்டுமென்றே கலந்தார் என்றது இன்னொரு கூட்டம். "அவரு என்ன, நம்மாளா?" என்று சலூனில் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். வாரத்தில் நாலு நாள் பாய் கடையில் சால்னாவை வழித்து நக்கிய வாய் அது.

எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவர் உரக்கடை முதலாளி. "அந்தாளக் காலி பண்ண வைங்க. இல்லேன்னா நாளைக்கி நம்ம பிள்ளைக சாகும்" என்று ஊரைக் கூட்டினார். சந்தைத் திடலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பாய் கடை இருக்கலாமா, போகலாமா? முடிவு சொல்ல ஒரு பொது ஆள் வேண்டும். எந்தப் பக்கமும் சாயாத ஆள் என்று எல்லாரும் நடுவரைக் கூப்பிட்டார்கள்.

மேடை, மைக் செட், மேஜை, மேஜையில் சோடா. நடுவர் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் எந்தக் கல்யாண மாப்பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை.

முதலாளி பேசினார். கைதட்டல். அடுத்த அணியைக் கூப்பிட்டார் நடுவர். யாரும் எழவில்லை. பாய் மேடைக்குக் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எதிரணியில ஆளே இல்லையா?"

"என்னத்துக்கு அது? தீர்ப்பச் சொல்லுங்க நடுவரே" என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினேன்: "ஆளத் தொரத்துறது பெறகு இருக்கட்டும்யா! என் வயித்துக்குள்ள வெசம் எப்படி வந்துச்சு? எனக்கு அது தெரியணும். செத்துப் பொழச்சவன் கேக்குறேன்!"

நடுவர் விசில் ஊதினார். "கேள்வி நியாயம். பாய், மாவு எங்க வாங்குனீக?"

"டவுன்லங்க. எப்பவும் வாங்குற கடைதான். அந்த மூட்டை அன்னைக்குத்தான் வந்துச்சு. நான் பிரிச்சுப் பெசஞ்சேன், அம்புட்டுத்தான். அல்லா சத்தியமாச் சொல்றேன்."

"எப்படிக் கொண்டாந்தீக?"

"ஒங்க பஸ்ஸுலதாண்ணே. மேல போட்டு."

நடுவர் கழுத்து விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "அண்ணே, அன்னைக்கி ஒங்களுக்குச் சரக்கு வந்துச்சுல்ல. மருந்து டின்னு."

"வந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

"லாரியில வரவேண்டிய சரக்கு. வாடகைய மிச்சம் பிடிக்க எங்க பஸ்ஸு மேல ஏத்திவிட்டீக. ஒரு டின்னுக்கு மூடி சரியில்ல. கிளீனர் பய எங்கிட்டச் சொன்னான். 'நேரமாச்சு, மூட்டையோட மூட்டையா வச்சுக் கட்டுறா'ன்னேன். எறக்கும்போது பாய் மூட்ட ஒரு ஓரம் நனைஞ்சிருந்துச்சு. பூண்டு மாதிரி ஒரு நாத்தம் அடிச்சுச்சு. பூண்டு மூட்டைன்னு நெனச்சுக்கிட்டேன்."

பஸ் முதலாளியின் ஆள் ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், சோறு போடுறவுக பேரக் கெடுக்காத. வாய மூடிட்டுத் தீர்ப்பச் சொல்லு" என்றார்.

"தீர்ப்புச் சொல்ல இங்க ஆள் இல்லண்ணே" என்றார் நடுவர். "நடுவர் எதிரணிக்குப் போயிட்டான்."

எழுந்தார். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட அந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். பாய் பக்கத்தில் போட்டார். பாயைக் கையைப் பிடித்துத் தூக்கி அதில் உட்காரவைத்தார். தான் தரையில் உட்கார்ந்தார்.

"ஒழுகுற டின்ன ஏத்திவிட்டது அவரு. மாவோட சேத்துக் கட்டச் சொன்னது நானு. பாய் செஞ்ச தப்பு ஒண்ணுதான். எங்க ரெண்டு பேரையும் நம்புனாரு."

உரக்கடை முதலாளி மைக்கைப் பிடுங்கி ஏதோ கத்தினார். நான் மைக் செட்டின் ஒயரைப் பிடுங்கினேன். ஒயர் வேலை எனக்குத் தெரியும்.

அதோடு விடவில்லை நடுவர். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். நானும் போனேன். அவர் வாக்குமூலத்தை ஏட்டு எழுத மாட்டேன் என்றார். "ஒமக்கு எதுக்குய்யா இந்த வேல? போய்ப் புள்ள குட்டியப் பாரு." நடுவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எழுதுங்கய்யா, எந்திரிக்கிறேன்." ஏட்டு சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். "எழுதுங்கய்யா, எந்திரிக்கிறேன்." வேறு வார்த்தையே கிடையாது. ஏட்டு தாங்க மாட்டாமல் கடைசியில் எழுதினார். மறுநாள் நடுவருக்கு வேலை போயிற்று.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்து எங்கோ போய் முட்டிக்கொண்டது. உரக்கடை பல வருஷம் ஜோராக நடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பாய் கடை திறந்தது. ஆனால் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. புது மாவு, புதுக் கல், கழுவிவிட்ட தரை. எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நடுவர் வந்தார். வேலையில்லாத மனிதர் வேலைக்குப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று வந்து, வாசலிலேயே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், நாலு பரோட்டா. சால்னா நெறைய ஊத்துங்க."

பாய் இலையைப் போட்டுப் பரிமாறினார். நடுவர் நிதானமாகப் பிய்த்து, ஊறவைத்து, தின்றார். கூட்டம் மெல்ல ரோட்டைத் தாண்டி வந்து அவர் கண்ணையே உற்றுப் பார்த்தது.

"என்ன மாப்ள, கண்பாப்பா சுருங்குதா?" என்று அவரே ஒருத்தனைக் கேட்டார். "கிட்ட வந்து பாரு. டார்ச் இருந்தா அடிச்சுப் பாரு. இன்னும் ரெண்டு சொல்லவா பாய், இவனுக்குச் சரியாத் தெரியலையாம்!"

யாரோ சிரித்தார்கள். ஆனாலும் யாரும் உட்காரவில்லை.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இலையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, என் பெண்டாட்டி போடுகிற சோற்றைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றுகொண்டிருந்தேன். அவர் இலையிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டபோது எனக்கு மோந்து பார்க்கவே தோன்றவில்லை.