நான் சுத்தம் செய்த காட்டோடை

உட்லண்ட்ஸ்
14 ஆகஸ்ட் 1983

கோத்தா திங்கியில் இருக்கும் அன்புள்ள இஞ்ஞாசி மச்சானுக்கு, எட்மண்ட் வணக்கத்தோடு எழுதுவது. மாதா கிருபையால் உங்கள் தங்கை நலம். நான் நலமா என்பதைக் கீழே படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மகள் பிரிஜட் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டுக் கட்டுரைக்காக நாலு மாதமாகக் கிராஞ்சிப் பக்கம் ஒரு காட்டோடைக்குப் போய்வருகிறாள். போன சனிக்கிழமை, பாம்பு இருக்குமே என்று நானும் துணைக்குப் போனேன். அவள் போத்தலோடு மேலே தண்ணீர் பிடிக்கப் போக, நான் தனியாக நின்றேன். பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் தண்ணீர், ஒரே அமைதி, நடுவில் இலையும் சேறு பிடித்த வலைப்பைகளும் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. இருபத்திரண்டு வருஷம் தெருவோர லொங்காங், சாக்கடையெல்லாம் சுத்தம் செய்தவன் கை சும்மா இருக்குமா? தூக்கத்தில் நடப்பவன் மாதிரி இறங்கி எல்லாவற்றையும் வாரிக் கரையில் குவித்தேன். பைகளை உதறி, அலசி, மடித்தும் வைத்தேன்.

"அப்பா, என்ன பண்ணிட்டீங்க?"

"க்ளீன் பண்ணிட்டேன்லா. பாரு, எப்படி ஓடுது!"

"ஐயோ, இது லொங்காங் இல்லப்பா! அந்தப் பையெல்லாம் நான் போட்டது. இலைய எடை பார்த்து உள்ள போட்டேன். சாப்பிடும்போது சொன்னேனே!"

சொல்லியிருக்கிறாள். நான்தான் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். மரம் காற்றிலிருந்து எடுத்த கரிதான், அதாவது கார்பன்தான், இலையாகிறதாம். இலை ஓடையில் ஊறினால், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று ஒரு பங்கு கரியைக் காற்றுக்கே திருப்பி விடுகின்றனவாம், இன்னொரு பங்கு கடலுக்குப் போகிறதாம். நம் வெக்கையில் இது வெகு வேகமாம். அழுதபடியே சொன்னாள். நான் குவியலிலிருந்து ஓர் இலையை எடுத்தேன். நரம்பு மட்டும்தான் இருந்தது, அதன் வழியே வானம் தெரிந்தது.

"மிச்சம் எங்கம்மா?"

"காத்துலப்பா."

கொஞ்ச நேரம் மெதுவாக மூச்சு விட்டேன், மச்சான்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை ஆறு மாதம் அவளுக்குத் தர வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால் கட்டுரை தப்பும். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். அந்தோணியார் உங்கள் வீட்டில் எல்லாரையும் காக்கட்டும், நேரம் மிஞ்சினால் என்னையும்.

அன்புடன்,
எட்மண்ட்

பி.கு.: ஒரு வாரமாகக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். ஓடை வேண்டாம், மச்சான். இலை இருந்த நாலு மாதத்துக் கணக்கு பிரிஜட்டிடம் இருக்கிறதல்லவா, இனி இலை இல்லாவிட்டால் கரி எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம் என்று அவள் விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அதே இடத்தை வாராவாரம் நானே சுத்தம் செய்ய வேண்டுமாம். நேற்றுப் போனேன். இலைகள் ஒவ்வொன்றாக வந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே நின்றேன், கை போகவில்லை. இப்போது சுத்தம் செய்யாததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.