மரப்பட்டைக் கோட்டுக்கு மஞ்சள் வைத்த கதை

கேட்காமலே உதவி செய்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த வியாதி முற்றி உச்சத்துக்குப் போனது தொண்ணூறுகளின் நடுவில், மெல்பேர்ன் நகரத்து ஆடைக் கலைக்கூடம் ஒன்றில்.

அப்போது நாங்கள் நோபல் பார்க் என்ற புறநகரில் இருந்தோம். தையல் டிப்ளோமா படித்த நான் (யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன்) கோழித் தொழிற்சாலையில் கால்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கலைக்கூடத்தில் உதவியாள் தேவை என்று விளம்பரம் பார்த்ததும் ஓடினேன். ஒரு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் மறுபடி கோழிக்கால். கூடத்தை நடத்திய ஹெலன் ஒரு சோடி வெள்ளைக் கையுறையைத் தந்து, கழற்றவே கூடாது என்று மூன்று தரம் சொன்னார்.

அன்று மாலை திறக்கவிருந்த கண்காட்சி ரேரா என்ற பெண்மணியுடையது. ஜப்பானின் வடக்குத் தீவில் ஆதியிலிருந்து வாழும் ஐனு மக்களைச் சேர்ந்தவர். மரப்பட்டையை ஊறவைத்து, நாராக்கி, நெய்து துணியாக்குவது அவர்களுடைய கலை. ரேரா அந்தத் துணியை டெனிமோடு சேர்த்து, ஜிப் வைத்த கோட்டுகளாகத் தைத்திருந்தார். நடுவில் தொங்கவேண்டிய கோட்டின் ஓரங்களில் வெள்ளைப் பருத்தியைச் சுருள் சுருளாக வெட்டித் தைத்திருந்தார். அதற்கு மட்டும் இரண்டு வருடம் பிடித்ததாம்.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நானும் கோட்டும் தனியே. இத்தனை அழகான புது உடுப்பு, மாலையில் இருநூறு பேர் கண் படப்போகிறது, ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்கவில்லையே என்று எனக்கு நெஞ்சு பதறியது. கைப்பையில் பிலிம் டப்பா ஒன்றில் மஞ்சள் தூள் எப்போதும் இருக்கும் (மாமியார் கட்டளை இல்லை, என் சொந்தப் பைத்தியம்). கையுறையைக் கழற்றினேன். தூளைத் தண்ணீரில் குழைத்து, கீழ் ஓரத்தின் மூலையில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.

தண்ணீர் கூடிவிட்டது. பொட்டு ரூபாய்க் காசு அளவானது, பிறகு அப்பளம் அளவானது. அதுவும் வெள்ளைப் பருத்தியில். கோட்டைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போய்விட்டது. அந்த இடம் இரத்தச் சிவப்பாகிவிட்டது.

தையல் டிப்ளோமா அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. கூடத்துத் தொலைபேசியில் கணவரை அழைத்தேன். அவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர், இங்கே தபால் பிரிப்பவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார்.

"மஞ்சளுக்குச் சவுக்காரம் போட்டால் சிவக்கும் எண்டு உமக்குத் தெரியாதே? குங்குமம் பிறகு எப்பிடி வாறது? தேசிக்காய் இருந்தாப் பிழியும்."

தேநீர் மேசையில் எலுமிச்சைத் துண்டுகள் இருந்தன. பிழிந்தேன். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது, முன்னைவிட ஒளியாக. நான் உட்கார்ந்து அழ ஆரம்பித்தபோது கதவில் ரேரா நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் இரண்டு வருடத்தை நாசமாக்கிவிட்டேன் என்ற வெட்கத்தில் வேலை கிடைக்காதோ என்ற பயம்கூடக் காணாமல் போனது. உடைந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, புது உடுப்பில் கண் படாமலிருக்க எங்கள் வழக்கம் இது என்றேன்.

ரேரா கோட்டை வாங்கிப் பார்த்தார். கழுத்திலும் கையிலும் கீழ் ஓரத்திலும் தைத்திருந்த முள் போன்ற வேலைப்பாட்டை விரலால் தொட்டுக் காட்டினார். கெட்டது உள்ளே நுழையாமலிருக்க உடுப்பின் வாசல்களில் இதைத் தைப்பது அவர்கள் வழக்கமாம். பிறகு என்னை நேராகப் பார்த்து, கண்டிப்பான குரலில் கேட்டார்.

"கீழே மட்டும் வைத்திருக்கிறாய். கைவழியாக வந்தால் என்ன செய்வாய்?"

பதிலுக்குக் காத்திராமல் சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்த நிறம் மாறும் வித்தையை ஒரு துண்டுத் துணியில் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். மஞ்சள், சோப்பு, எலுமிச்சை. மூன்று தரம் செய்யவைத்தார். மூன்றாவது தரம் சிறு பிள்ளை போலக் கைதட்டினார். என் பிலிம் டப்பாவைப் பறித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் கழுத்துச் சுருளுக்கு மஞ்சளும் கைச் சுருளுக்குச் சோப்புச் சிவப்புமாகத் தீட்டத் தொடங்கினார். நான் கூடத்தில் இருந்த முடி உலர்த்தியால் காயவைத்தேன். சிவப்பு காய்ந்து செங்கல் நிறமாக அடங்கியது. அதுதான் பழுப்பு மரப்பட்டைக்கு அப்படிப் பொருந்தியது.

ஹெலன் திரும்பி வந்து, என் கையுறையில்லாத மஞ்சள் கைகளைப் பார்த்து வாயைத் திறந்தார். ரேரா தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"இந்தக் கோட் இன்னும் முடியவில்லை. இப்போதுதான் இந்தப் பெண்ணோடு சேர்ந்து முடிக்கிறேன்."

ஹெலன் வாயை மூடினார்.

அன்று மாலை வந்தவர்கள் வேறெதையும் பார்க்கவில்லை. ரேரா என்னைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் என் மஞ்சள் விரல்களைப் பிடித்துக் காட்டினார். நான் மகாராணி மாதிரி நின்றேன், பொய் சொல்லவில்லை. அடுத்த நாள் கோழித் தொழிற்சாலைக்குப் போய் ஏப்ரனைத் திருப்பிக் கொடுத்தேன். கலைக்கூடத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன்.

கோட்டை ஓர் அருங்காட்சியகம் வாங்கியது. பக்கத்தில் அதன் மூலப்பொருள்களைச் சொல்லும் அட்டை இருக்கிறது: மரப்பட்டை நார், பருத்தி, டெனிம், மஞ்சள், சோப்பு, எலுமிச்சை. இப்போது வீட்டில் கறிக்கு மஞ்சள் கொஞ்சம் கூடினால் போதும், மகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்கிவிடுவான்.

"அம்மா, இது டின்னருக்கோ, மியூசியத்துக்கோ?"

நானும் விடுவதில்லை. "பேசாமல் சாப்பிடு ராசா, காசு குடுத்துப் பாக்கவேண்டிய கை இது" என்று இன்னொரு கரண்டி கறி போட்டுவிடுவேன்.