ஜியோலைட்டும் மேனேஜரும் பன்னிரண்டு கிலோ உப்பும்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நானும் அத்தையும் நலம். மேனேஜரும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கவரைப் பிரித்ததும் நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். அங்கே நீங்களும் அக்காவும், பிறந்து இரண்டு வாரமான உங்கள் பேத்தி குட்டியம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மரியாதையெல்லாம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். மூன்று முறை முயன்றுவிட்டேன். நான் “அம்மோனியா” என்று வாயெடுத்ததுமே, அந்தப் பக்கம் நீங்கள் “அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?” என்று விசாரிப்பது கேட்கிறது. மேனேஜருக்கு ஒன்று என்றால் போட்டது போட்டபடி கிளம்பி வருவேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன ஆள் நீங்கள். அக்காவோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்பா தோள்ல போட்டாதான்டா இது தூங்குது. இன்னும் ஒரு மாசமாவது அவர் இங்க இருக்கணும். அந்த மீனை எப்படியாவது உயிரோட வச்சுக்கோ, உனக்குப் புண்ணியமா போகும்” என்றாள். ஆக, உங்கள் தோட்டத்துக் குளத்தில் ஒரு மீனின் செவுள் அசைகிற வரைக்கும்தான் ஊர்விட்டு ஊரில் ஒரு குழந்தைக்குத் தூக்கம். இவ்வளவு பெரிய பாரத்தை நான் எப்படிச் சுமந்தேன் என்பதைக் கடைசி வரை பொறுமையாகப் படியுங்கள். பாதியில் பையைத் தூக்காதீர்கள்.

நீங்கள் போன மறுநாளே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். முதலில் உங்கள் ஃபில்டரைத் திறந்தேன். மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பஞ்சுகளை நீங்கள் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? பழுப்பு நிறத்தில் வழவழவென்று, தொட்டால் கை வழுக்குகிறது. தொழிற்சாலையில் பாய்லருக்குத் தண்ணீர் தயார் செய்கிறவன் நான், இந்த அசிங்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, தேய்த்து, அலசி, பள்ளிக்கூடச் சட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று ஆக்கித் திரும்ப மாட்டினேன். இதற்கு நன்றியெல்லாம் வேண்டாம். ஆனால் அப்படிச் சுத்தம் செய்தும் ஐந்தாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. மேனேஜர் ஃபில்டர் தண்ணீர் அருவியாக விழும் மூலையில் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறார். அத்தை பார்த்துவிட்டு, “பசி போலிருக்குப்பா, வாயை வாயைத் திறக்குது” என்று இன்னொரு கை தீனி போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலையிடத்திலிருந்து சோதனைக் குப்பியைக் கொண்டுவந்து பார்த்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சை. அம்மோனியா. மீன் கழிப்பதும் தீனி அழுகுவதும் சேர்ந்து, தங்கள் கழிவிலேயே அவை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. “நீங்க அள்ளி அள்ளிப் போட்டதுதான் அத்தை” என்றேன். அத்தை தீனி டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இங்கேதான் மாமா ஜியோலைட் வருகிறது. இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. பார்த்தால் சாதாரண ஜல்லி மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள். அந்த அறைகளில் சோடியம் குடியிருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா வந்தால் கல் சோடியத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு அம்மோனியாவுக்கு இடம் கொடுக்கும். இவ்வளவுதான். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. பத்து கிலோ வாங்கினேன், தூசி போக ஏழு தண்ணீரில் அலசினேன், வாஷிங் மெஷினில் போடும் வலைப்பைகள் ஐந்தில் கட்டி அருவிக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலையில் குப்பியைக் குலுக்கிப் பார்க்கிறேன், மஞ்சள். எலுமிச்சை மஞ்சள். மேனேஜர் மூலையை விட்டு வந்து, எல்லா மீனையும் முட்டித் தள்ளி முன்னால் நிற்கிறார். முப்பது வருடம் ஆபீசில் நீங்கள் யார் முன்னால் கைகட்டி நின்றீர்களோ, அவருடைய தோரணை இவருக்கு இருக்கிறது என்றுதானே இந்தப் பெயரை வைத்தீர்கள்? அந்தத் தோரணை முழுசாகத் திரும்பிவிட்டது. நான் ஈரத் துண்டோடு வீட்டுக்குள் ஓடி அத்தைக்குக் குப்பியைக் காட்டினேன். “நல்லது. அதை எங்கிட்ட காட்டிட்டு அப்படியே சாப்பாட்டு மேஜை மேல வைக்காதே” என்றார்கள். இந்த வீட்டில் விஞ்ஞானத்துக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான்.

கல் அறைகள் நிரம்பிவிட்டால் மறுபடி காலி செய்ய வேண்டும். அதற்கு உப்புத் தண்ணீர். உப்பில் இருப்பது சோடியம், அது கூட்டமாக வந்து மோதினால் அம்மோனியா மொத்தமும் வெளியேறிவிடும், கல் புதுசாகிவிடும். நாற்பது லிட்டர் தொட்டியில் கால் கிலோ உப்பைக் கரைத்துக் கல்லை ஒரு நாள் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். குழந்தைகூடச் செய்யும். வியாழக்கிழமை அதைச் செய்ய வேண்டிய நாள், ஆனால் புதன்கிழமை என்னை வேறு தொழிற்சாலைக்கு இரண்டு நாள் அனுப்பிவிட்டார்கள். அதனால் செய்முறையை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனேன். அத்தை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து கொடுத்தவர் ஆயிற்றே, அளவு தப்பாது என்று ஒரு நம்பிக்கை. சந்தேகம் என்று வியாழக்கிழமை எனக்கு ஒரு போனும் போட்டார்கள். வேலைக்கு நடுவிலும் தெளிவாகப் பதில் சொன்னேன்.

அத்தை என்ன செய்தார்கள் தெரியுமா மாமா? கடைக்குப் போய்ப் பன்னிரண்டு கிலோ உப்பு வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர், “வீட்ல தோல் பதப்படுத்துறீங்களா?” என்று கேட்டாராம். அந்தப் பன்னிரண்டு பாக்கெட்டையும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துச் சரிபார்த்து, பொறுமையாகக் கரைத்துக் கரைத்துக் குளத்திலேயே ஊற்றியிருக்கிறார்கள். பைகள் குளத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஒரு வாரமாகக் கல் விழுங்கி வைத்திருந்த அம்மோனியா அவ்வளவும் ஒரே மூச்சில் மீன்களின் மேல் கொட்டிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்குப் போன். “மேனேஜர் ஒருக்களிச்சுப் படுத்திருக்கார்ப்பா. எனக்கு இது பிடிக்கல.”

எந்த வண்டியில் வந்தேன் என்று எனக்கே நினைவில்லை. வந்தால், நீலத் தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பி, காற்று பம்பைப் போட்டு, மேனேஜரை அதில் கிடத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கை அவர் வயிற்றுக்கடியில் தாங்கலாக. “செவுள் நிமிஷத்துக்கு நூத்திப் பத்து அடிக்குது. நீ வாயைப் பாக்காம குளத்தைப் பாரு.” நான் பைகளைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். பாதித் தண்ணீரை இறைத்தேன், குளோரின் முறிக்கும் மருந்து போட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன், மறுபடி பாதி இறைத்தேன். மதியம் செவுள் தொண்ணூறு. மூன்று மணிக்கு எழுபது. அத்தை அதுவரை எழுந்திருக்கவேயில்லை, நான் நீட்டிய தண்ணீரையும் மேனேஜரின் வயிற்றுக்கடியில் இருந்த கையை எடுக்காமலேயே குடித்தார்கள். நாலரைக்கு மேனேஜர் நிமிர்ந்தார், வாலால் ஒரு அடி அடித்தார், அத்தையின் முகமெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொண்டே, “கோபம் வந்துடுச்சு. பிழைச்சுக்குவார்” என்றார்கள். ஒரு மீன்கூடச் சாகவில்லை மாமா. எண்ணிப் பார்த்துவிட்டேன், பதினொன்றும் இருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, நீங்கள் வர வேண்டாம், குட்டியம்மாவைத் தூங்க வையுங்கள். இரண்டு, என் கல்லையும் உப்பையும் இனிமேல் தொடக்கூடாது என்று அத்தைக்கு நீங்கள்தான் கண்டிப்பாக எழுத வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை அவர்களுக்கு இல்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. குட்டியம்மாவின் கன்னத்தை என் சார்பில் ஒரு முறை, வலிக்காமல், கிள்ளவும். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவ மறக்க வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னார்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அக்கா மகன்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி அத்தையிடம் இதைக் கொடுத்தேன். கவரை ஒட்டவில்லை என்பதால் படித்துவிட்டார்கள். உள்ளே போய் என் செய்முறைத் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். மூன்றாவது வரி: “பைகள் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஆறு கிராம் உப்பு கரைக்கவும்.” பைகளை வெளியே எடு என்று நான் எங்குமே எழுதவில்லை. தொட்டி என்ற பேச்சே இல்லை. பைகள் இருந்தது குளத்தில். குளம் இரண்டாயிரம் லிட்டர். கணக்குப் போட்டால் சரியாகப் பன்னிரண்டு கிலோதான் வருகிறது. தாளைத் திருப்பினால், மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்டுக் குறித்துவைப்பார்களே, அதே கையெழுத்தில்: “வியாழன், 11.20. மொத்தத் தண்ணீருக்குமா என்று கேட்டேன். ‘ஆமா அத்தை, மொத்தத்துக்கும்தான், எழுதியிருக்கே, படிங்க’ என்றார். போனை வைத்துவிட்டார்.” அன்றைக்கு நான் ஒரு வால்வோடு போராடிக்கொண்டிருந்தேன் மாமா. இது போதாதென்று, இன்னும் கொஞ்சம் ஜியோலைட் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், “ஃபில்டர் பஞ்சை என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அந்தப் பழுப்பு வழவழப்புதான் இத்தனை வருடமும் அம்மோனியாவைத் தின்றுகொண்டிருந்த கிருமிகளாம். ஆக, அத்தையின் தீனியும் குற்றவாளி இல்லை. மேலே எழுதியதில் மேனேஜர் நலம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். கடிதத்தைத் திருப்பி எழுத நான் தயார். அத்தைதான் விடவில்லை, இப்படியே போகட்டும் என்கிறார்கள். கீழே இருப்பது அவர்கள் எழுதியது.

மேனேஜர் நன்றாகச் சாப்பிடுகிறார். நீங்கள் வர வேண்டாம், அவளோடு இருங்கள். பையனுக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு இந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின்.