வெளிச்சத்தை வளைத்த டார்ச்சண்ணன்

திருப்பூரில் சூரியனை வேலைக்கு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் டார்ச்சண்ணன்தான். மேகம் மூடிய நாளில், ஆள் வேலைக்கு வரவில்லை என்று வானத்தைப் பார்த்துத் திட்டுவார். ஞாயிறுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். மற்றவர்கள் குடை எடுத்துப் போவதுபோல் பட்டப்பகலிலும் டார்ச் லைட்டும் கையுமாக நடப்பார். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார் என்று கம்பெனியில் ஒரு பேச்சு. நேராக அவரிடமே கேட்டுவிட்டேன்.

"மூஞ்சியில இல்லீங்க தம்பி, மூக்குத்தியில. கல்லுக்குள்ள போன வெளிச்சம் வெளிய வர மாட்டாம உள்ளயே சுத்துச்சுங்க. அதப் பாத்துட்டே இருந்ததுல பொண்ணப் பாக்க மறந்துட்டனுங்க."

எங்கள் கம்பெனிக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் துணி பின்னும் மெஷின் ஷெட். முதலாளி ஆபீஸ் மாடியில் நின்றுகொண்டு ஷெட்டை நோக்கிக் கத்துவார். அதுதான் எங்கள் தகவல் தொடர்பு. ஒருநாள் அவர், "அந்த லாட்டை அனுப்பாதே!" என்று கத்தினார். பின்பாதியின் மேல் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போய்விட்டது. 'அனுப்பு' என்று கேட்டுக்கொண்ட ஷெட் மேஸ்திரி, சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடித்திருந்த சரக்கு முழுவதையும் மதுரைக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாயந்திரமே டார்ச்சண்ணன் முதலாளி முன்னால் போய் நின்றார். "வெளிச்சத்துல பேசிக்கலாமுங்க முதலாளி."

நாலே நாளில் செய்துவிட்டார். பவுடர் டப்பாவின் ஒரு வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் நடுவே நகமளவு கண்ணாடிச் சில்லை ஒட்டினார். அதில் வெயில் விழ, டப்பாவின் மறு வாயில் பேசினால் சில்லு அதிரும்; அது திருப்பி அனுப்பும் வெளிச்சமும் பேச்சுக்கு ஏற்ப நடுங்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு லாரி ஹெட்லைட்டின் குழிக்குள், ரேடியோவிலிருந்து கழற்றி, வெளிச்சம் உள்ளே போகக் கறுப்புப் பெயின்ட் சுரண்டிய டிரான்சிஸ்டர் ஒன்று அந்த நடுக்கத்தை வாங்கி ஹெட்போனில் மறுபடி பேச்சாக்கும். முதலாளி டப்பாவில் வாயை வைத்து, "டீ குடிச்சாச்சா?" என்றார். ஷெட்டில் ஹெட்போன் மாட்டியிருந்த மேஸ்திரி துள்ளி எழுந்தார். "அய்யோ, முதலாளி என்ற காதுக்குள்ள வந்துட்டாருங்க!"

இந்தப் பக்கம் பதில் வர வழியில்லை. ஆமாம் என்றால் வெள்ளைப் பனியனையும் இல்லை என்றால் கலர் பனியனையும் ஷெட்டிலிருந்து ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் மதியம் டார்ச்சண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் வெளிச்சம் மெல்ல ஊர்ந்து, ஷெட்டுக்கு அடுத்த ரைஸ் மில்காரர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அங்கே அவர் மகள் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் ரைஸ் மில்காரர் எங்கள் ஆபீஸ் மாடியில் நின்றார்.

"உங்காளு எம்பட புள்ள மேல கண்ணாடி அடிக்கறானுங்க!"

டார்ச்சண்ணன் கழுவிய கையைத் துடைக்காமலே ஓடிவந்தார். "கண்ணாடி அடிக்கலீங்க. சும்மா பேசிட்டிருந்ததுங்க."

"பேச்சு வேற பேசுனயா? என்னடா பேசுன?"

"நான் பேசலீங்க. முதலாளிதான் பேசுனாருங்க."

முதலாளிக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். கேரியர் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த மூன்று நாளும் முதலாளி கிளப்புக் கடையில்தான் சாப்பிட்டார். பவுடர் டப்பா குப்பைக்குப் போயிற்று.

வேறு யாராவதாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். டார்ச்சண்ணன் என்னிடம் சொன்னார்: "வெளிச்சம் நேராப் போறதுதானுங்க வம்பு. பைப்புல தண்ணி போற மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு, யாரு மேலயும் படாமப் போகோணும்."

அதற்கு வழி, பனியன் கட்ட வந்த பழைய பேப்பர்களுக்கு நடுவே ஓர் இங்கிலீஷ் விஞ்ஞானப் பத்திரிகையில் கிடைத்தது. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை விட்டால், அது சுவரில் முட்டி முட்டி உள்ளேயே ஓடுமாம். வெளிநாட்டில் அதன் வழியே பேச்சை அனுப்பப் பாடுபடுகிறார்களாம். நான் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் டார்ச் அடித்ததுபோல் இருந்தது. ஆனால் இழை செய்யும் விதம் இருந்த அடுத்த பக்கத்தைக் காணோம். காலையில் அதில்தான் நான் தாராபுரம் கடைக்குச் சரக்கு கட்டி அனுப்பியிருந்தேன்.

அடுத்த பஸ்ஸிலேயே தாராபுரம் போனார். கடைக்காரர் வீசியெறிந்த காகிதங்களையெல்லாம் கிளறி ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் கார் விளம்பரம்.

"பரவாயில்லீங்க தம்பி. ஹெட்லைட் நல்லா இருக்குதுங்க."

அதன்பின் எல்லாம் சொந்த ஆராய்ச்சி. சாயப்பட்டறையில் சாயம் கலக்கும் கண்ணாடிக் குச்சிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கோடவுனில் அவர் குச்சியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார்; மறுமுனை என் கையில். நடுவில் சீறும் புளோ லாம்ப். கண்ணாடி சிவந்து குழைந்ததும், "ஓடுங்க தம்பி!" என்பார். பனியன் அடுக்குகளுக்கு நடுவே நான் ஓடுவேன். எனக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை நீளும்; நீண்டு, படீரென்று உடையும். எத்தனை நாள் ஓடினேன், எத்தனை இழை உடைந்தது, உடைந்ததெல்லாம் எங்கே விழுந்தது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். அவரைப் பிடித்தால் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்று முதலாளி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, கோடவுன் அடுக்கிலிருந்து ஒரு பனியனை உருவி வியாபாரி எதிரிலேயே போட்டுக்கொண்டார்.

"இதப் போட்டா உடம்புல துணி இருக்கறதே தெரியாதுங்க" என்று சொல்லி இடுப்பைச் சொறிந்தார். "அவ்வளவு மெது!" என்று முதுகைச் சொறிந்தார். பிறகு பேச்சு நின்றுபோய், சொறிவது மட்டும் நடந்தது. கடைசியில் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தார்.

வியாபாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "முதலாளி, பனியன்லே பூச்சி இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, ஆர்டர் கொடுக்காமலே போய்விட்டார்.

டார்ச்சண்ணன் முன்னால் வந்தார். "அது பூச்சி இல்லீங்க, கண்ணாடி. என்ற வேலைதானுங்க. நான் ஒருத்தனாத்தான் பண்ணுனனுங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். என் காலை அழுத்தி மிதித்தார்.

"சனிக்கிழமையோட நின்னுக்கோ" என்றார் முதலாளி, சொறிந்தபடியே.

அந்த வாரம் முழுக்க அவர் கோடவுனில் உட்கார்ந்து, ஒவ்வொரு பனியனையும் விரித்து, டார்ச் அடித்து, மின்னிய துகளையெல்லாம் பொறுக்கினார். அதற்கப்புறம்தான் எல்லாம் சலவைக்குப் போயிற்று. சனிக்கிழமை முதலாளியிடம் அஞ்சு நிமிஷம் கேட்டார். உடையாமல் தப்பிய ஒரே இழை, ஒரு முழ நீளம். அதை ஆபீஸ் அறையின் சுவர் மூலையில் வளைத்து ஒட்டியிருந்தார். உள்ளே ஜன்னல் வெயிலில் புது டப்பாவோடு அவர். மூலைக்கு வெளியே ஹெட்போனோடு முதலாளி. இழையின் நுனியில், டிரான்சிஸ்டருக்கு எதிரே, கடுகளவு வெளிச்சம்.

"கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குது. ஹெட்போன் இல்லாத காதுலயும் கேக்குது. ஒரு முழத்துக்கு எதுக்குய்யா டெலிபோனு?"

எல்லாரும் சிரித்தோம். டார்ச்சண்ணன்தான் அதிகம் சிரித்தார். ஆனால் முதலாளி ஹெட்போனைக் கழற்றவில்லை. மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, "மெதுவாப் பேசு" என்றார். டார்ச்சண்ணன் டப்பாவுக்குள் என்னவோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. முதலாளிக்குக் கேட்டுவிட்டது என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

"திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு. கண்ணாடி மட்டும் கம்பெனிக்குள்ள வேண்டாம்."

டார்ச்சண்ணன் டப்பாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா வரலீங்க முதலாளி" என்று கும்பிட்டுவிட்டு, இழையைச் சுவரிலிருந்து பதமாக உரித்தெடுத்துக்கொண்டு போனார். தாராபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டுவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மறு வருஷம் எங்கள் கம்பெனிக்கு நிஜ டெலிபோன் வந்தது. ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவர் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு ஒரு டிரங்க் கால் போட்டேன். மருந்துக் கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட, டார்ச்சண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"என்னங்க தம்பி, ஏதாச்சும் அவசரமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. லைன் எப்படி இருக்குதுன்னு பாத்தேன்."

ரொம்ப அக்கறையாகக் காது கொடுத்துக் கேட்டார். "கொரகொரங்குதுங்க. கம்பியில வருது பாருங்க, அதான். வெளிச்சத்துல வந்திருந்தா சுத்தமா இருக்கும். இப்ப ரெண்டு முழம் வரைக்கும் இழுத்துட்டனுங்க..." என்று ஆரம்பித்துவிட்டார்.

மூன்று நிமிஷம் ஆயிற்று என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தார். இன்னும் மூன்று நிமிஷம் கேட்டு வாங்கினேன். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவர் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.